வெட்டிவேர்த் தட்டி கட்டிய அறை

என் தங்கை மகள் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடக்கும் வார்டு அவளுடையது. போன மாதம் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே அந்த வார்டைப் பற்றிச் சொன்னாள். ஒரு கதவு மூடினால்தான் அடுத்த கதவு திறக்குமாம். உள்ளே வருவது வடிகட்டிய காற்றாம். பூங்கொத்து, தொட்டிச் செடி எதையும் உள்ளே விடமாட்டார்களாம். பக்கத்துக் கட்டடத்தில் சுவர் இடிப்பதாக இருந்தால்கூட முன்கூட்டியே இவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம். தூசியோடு பூசண விதை பறந்து வந்து நோயாளியின் நுரையீரலில் உட்கார்ந்துவிடும் என்ற பயம்.

"அப்படியும் சில பேருக்கு வந்துடுது பெரிம்மா," என்றாள். "நீங்கள்லாம் அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிச் சமாளிச்சீங்க?"

"சமாளிக்கலடி. செத்துப் போனாங்க," என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கு வாய் அப்படித்தான். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. அவள் கேட்டது ஒன்றும் தப்பான கேள்வி இல்லையே. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நினைவில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன், மற்றதை விட்டுவிடுகிறேன்.

நான் நர்ஸ் வேலைக்குப் படித்தது அறுபதுகளின் நடுவில். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெட்பேன் கழுவினோம், கண்ணாடி ஊசிகளைக் கொதிக்க வைத்தோம், மூலை மடித்துப் படுக்கை விரித்தோம், திட்டு வாங்கினோம். அப்பாவுக்குப் பொன்னேரி பக்கம் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. நிலம் இருக்கிற வீட்டுப் பெண் கண்டவன் மலத்தை அள்ளப் போகிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பின்னால் அவர்களே பிரஷர் பார்க்க என்னைத் தேடி வந்தார்கள். நானும் சளைக்காமல் அவர்களை வரிசையில் நிற்க வைத்தேன்.

வேலை கிடைத்தது திருவள்ளூருக்குப் பக்கத்தில், ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரியில். பெரிய கட்டடம் இல்லை. ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, பிரசவ வார்டு, பின்னால் தனி அறைகள் சில, ஒரு லேப், ஒரு எக்ஸ்ரே மிஷின். அங்கே பெரிய டாக்டர் மரகதம்.

டாக்டர் மரகதம் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட நூல் புடவை, கையில் ஆண்கள் கட்டுகிற வாட்ச். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, தொட்ட பிறகு ஒரு தடவை கை கழுவுவார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்து, அவசரமே இல்லாமல் கழுவுவார். பின்னால் வரிசையாக நாங்களும் கழுவ வேண்டும். ஆண்கள் வார்டில் ரவுண்ட்ஸ் முடிவதற்குள் என் கைத்தோல் வெளுத்துவிடும்.

இன்னொரு பழக்கம் அவருக்கு உண்டு. வீட்டு ஆட்களிடம் எதைச் சொல்வதானாலும் நின்றுகொண்டு சொல்லமாட்டார். வராண்டாவில் அவர்கள் உட்காரும் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்துதான் பேசுவார். தெரிந்ததைச் சொல்வார். தெரியாததை "எனக்குத் தெரியாது" என்று சொல்வார். ஒரு டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அந்தக் காலத்து ஜனங்கள் ஆடிப்போய்விடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் விபத்தில் அடிபட்ட லாரி டிரைவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் மனைவி அழுத அழுகை தாங்காமல், "அழாதீங்க, நாளைக்கு எழுந்து உக்காந்துடுவார்," என்று சொல்லிவிட்டேன். அது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்குன்னு உனக்கு யார் சொன்னா பிரேமா?" என்று கேட்டார். மறுநாள் அந்த ஆள் நிஜமாகவே எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். நான் பெருமையாக டாக்டரைப் பார்த்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இனி தேசிங்குவின் விஷயம். எழுபதுகளின் நடுவில் நடந்தது.

காக்களூர் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். தேசிங்கு அப்படி ஒரு செருப்புப் பட்டறையில் அடி ஒட்டும் வேலை பார்த்தான். சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் ஏகாம்பரம்தான் வலை போட்டு மீன் பிடித்து அவனை வளர்த்தவர். ஏரியில் மீன்பாடு குறைந்துபோனதால், தம்பியாவது கம்பெனிச் சோறு சாப்பிடட்டும் என்று அந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அன்றைக்குத் தம்பியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பையன் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருந்தது.

"பல்லு வெளக்குனா ரத்தமா கொட்டுது டாக்டரம்மா. ஒடம்புல அங்கங்க நீலமா கீது. எவன்டா அடிச்சான்னு கேட்டா, யாரும் அடிக்கலன்றான்."

டாக்டர் அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "என்ன வேலைப்பா செய்யற?"

"செருப்புக்கு அடி ஒட்றதும்மா. டின்னுல பசை வரும், பிரஷ்ஷால தடவி ஒட்டணும்."

"அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருந்துச்சு. தூசி வருதுன்னு அடைச்சிட்டாங்க."

"கையில ஒட்டின பசை எப்படிப் போகும்?"

"பசையக் கரைக்கிற தண்ணி ஒண்ணு கீதும்மா. அதுல முக்குனா சுத்தமா பூடும். வாசனகூட நல்லாத்தான் இருக்கும்," என்றான் தேசிங்கு.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தத் தண்ணீர் பென்சீன் என்று பிறகு சொன்னார். அதன் ஆவியை மூடிய அறையில் வருடக்கணக்காகச் சுவாசித்தால் சிலருக்கு ரத்தம் ஊறும் இடமே வறண்டுவிடும் என்றார்.

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தோம். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குப் பின்னால் எலும்பு முட்டும் இடத்தை விரலால் தேடி, அயோடினும் ஸ்பிரிட்டும் தடவி, மரத்துப்போக ஊசி போட வேண்டும். பிறகு கட்டையான, தடித்த ஊசியைத் திருகித் திருகி உள்ளே இறக்க வேண்டும். எலும்பு விட்டுக்கொடுக்கும்போது கையில் தெரியும். அதுவரை வலி அதிகம் இல்லை. சிரிஞ்சைப் பின்னால் இழுக்கும் நொடியில்தான் உயிர் போகும். மரப்பு மருந்துக்கு அந்த வலி கட்டுப்படாது. தேசிங்கு தலையணையைக் கடித்துக்கொண்டு, "சிஸ்டரு, ஒறிஞ்சி எடுக்குறாங்களே!" என்றான். வந்தது சில சொட்டுத்தான். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் முழுக்கக் கொழுப்பு. ரத்தச் செல்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஏகாம்பரத்திடம் சொன்னார். "ரத்தம் உண்டாகிற இடம் எலும்புக்குள்ள இருக்கு. உங்க தம்பிக்கு அது வேலையை நிறுத்திடுச்சு. சிவப்பு இல்ல, அதனால வெளுத்துட்டான். ரத்தத்தை உறைய வைக்கிறது இல்ல, அதனால கசியுது. நோயோட சண்டை போடற வெள்ளை அணுவும் இல்ல. எனக்கு அதுதான் பயம்."

"எங்கிட்ட இருந்து எடுத்து அவனுக்கு ஊத்தேன்மா. எலும்புல இருக்கறதத்தான் சொல்றேன். ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் சிரிக்கவில்லை.

"அமெரிக்கால அப்படிச் செய்ய ஆரம்பிச்சிருக்காங்க. இங்க யாரும் செய்யல. எனக்குச் செய்யத் தெரியாது."

"தெரிஞ்சிக்கினு செய்யேன்."

"நான் தெரிஞ்சுக்கற வரைக்கும் அவன் தாங்கமாட்டான்," என்றார் டாக்டர்.

மெட்ராசுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று அங்கே இருந்த தன் பழைய வாத்தியாரைக் கேட்டார். இங்கே கொடுப்பதையேதான் அங்கேயும் கொடுப்போம், நெரிசலில் அவனைக் கொண்டுவந்து போடாதே என்றாராம் அவர். ஆக, எங்களிடமே இருந்தான். குப்பத்து ஆட்கள் மாறி மாறி வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை, மஜ்ஜையை எழுப்பிவிடும் என்று ஆண் ஹார்மோன் மாத்திரை, ஆன்டிபயாடிக். பின்வரிசையில் ஒரு தனி அறை. உள்ளே போகிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கை கழுவுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பையன் நல்ல குறும்பு. "சிஸ்டரு, உங்க இட்லியத் தரைல போட்டா பந்து மாறி எகிறும் போல," என்பான். மாத்திரையால் பசி வேறு. நாஷ்டா வருவதற்கு முன்னாலேயே தட்டைத் தட்ட ஆரம்பிப்பான். ஆயா கன்னியம்மா, "பேஜாரு புடிச்ச புள்ள," என்று திட்டிக்கொண்டே இரண்டு இட்லி கூட வைப்பாள். எனக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. வார்டில் ஒருவர்மேல் தனிப்பட்டுப் பாசம் வைக்கக் கூடாது என்று படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எப்படி வைக்காமல் இருப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

அதற்குள் கத்திரி வெயில் வந்துவிட்டது. அந்த அறை மேற்கு பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் சுவரைத் தொட முடியாது. பையனுக்கு உடம்பெல்லாம் வியர்க்குரு. சொறிந்தால் ரத்தம் கசியும், புண்ணாகும். தூக்கமே இல்லை. டாக்டர் ஒருநாள் அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து கன்னியம்மாவைக் கூப்பிட்டார்.

"என் ரூம் தட்டியைக் கழட்டி அந்தப் பையன் ஜன்னல்ல கட்டு."

அது வெட்டிவேர்த் தட்டி. எங்கள் ஆஸ்பத்திரியில் வருடா வருடம் கோடைக்கு அதைக் கட்டுவது வழக்கம். மூங்கில் சட்டத்தில் வெட்டிவேரைப் பின்னி ஜன்னலில் தொங்கவிட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம். காற்று அதன் வழியாகக் குளிர்ந்து மணத்துக்கொண்டு வரும். டாக்டர் அறை, ஆபீஸ், பிரசவ வார்டு என்று சில இடங்களில் மட்டும்தான் உண்டு. வெயில் முடிந்ததும் சுருட்டி ஸ்டோர் ரூமில் போட்டுவிடுவோம். மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும். அடுத்த கோடையில் எடுத்து உதறிவிட்டு மறுபடி கட்டுவோம். அதில் யாரும் எந்தத் தப்பும் கண்டதில்லை.

"ஒனக்கு வேணாவாம்மா?" என்றாள் கன்னியம்மா.

"எனக்கு ஃபேன் இருக்கு."

கட்டினோம். தண்ணீர் தெளித்ததும் அறையே மாறிவிட்டது. "ஏரிக் காத்து மாறி கீது சிஸ்டரு," என்றான் தேசிங்கு. அன்றைக்கு மத்தியானம் அசந்து தூங்கினான். ஏகாம்பரம் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு, டாக்டர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. பிறகு காய்ச்சல் வந்தது. ஆன்டிபயாடிக்கை மாற்றினோம், இறங்கவில்லை. வலது பக்கம் மூச்சு இழுத்தால் குத்துகிறது என்றான். இருமலில் ரத்தக்கோடு தெரிந்தது. எக்ஸ்ரேயில் வட்டமாக ஒரு வெள்ளைத் திட்டு. அந்தக் காலத்தில் நெஞ்சில் எது தெரிந்தாலும் டி.பி.தான். சளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், டி.பி. கிருமி இல்லை.

டாக்டர் தானே லேப்புக்கு வந்தார். காலையில் வாய் கொப்பளித்த பிறகு எடுத்த சளியை ஸ்லைடில் வைத்து, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலை ஒரு சொட்டு விட்டு, லேசாகச் சூடு காட்டினார். சளியெல்லாம் கரைந்துவிடும், கரையாதது மிஞ்சும். வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து, "பார்," என்றார். கண்ணாடி மாதிரி மெல்லிய நூல்கள். கவை கவையாகக் கிளை பிரிந்து, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"பூசணம் மேடம். காத்துலருந்து விழுந்திருக்கும்," என்றார் லேப்காரர்.

"ஒரு தடவைன்னா விழுந்திருக்கும்," என்றார் டாக்டர். அடுத்தடுத்த நாட்களும் எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் இருந்தது. லேப்பின் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் மாவு போலப் பூத்தது.

நமக்கெல்லாம் இது தினமும் மூக்கில் போகிறது, ஒன்றும் செய்வதில்லை. வெள்ளை அணுக்கள் தின்றுவிடும். தேசிங்குவிடம் தின்ன ஆளில்லை. அது நுரையீரலில் முளைத்து, ரத்தக் குழாய்க்குள்ளேயே வேர் விட்டுப் போகும். டாக்டர் இதை எனக்குச் சொன்னபோது குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அன்றைக்கு வாட்சைக் கழற்றாமலே கையைக் கழுவினார்.

அதற்கு அப்போது ஒரே ஒரு மருந்துதான், ஆம்போடெரிசின். மெட்ராசில் அதுவும் லேசில் கிடைக்காது. டாக்டர் யார் யாருக்கோ போன் போட்டு, இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். வாங்கிவரப் போனவர் ஏகாம்பரம். மருந்து சூடாகக் கூடாது என்று சொன்னோம். "ஐஸ் வெக்கறத எனக்குச் சொல்லித் தர்றியா சிஸ்டரு?" என்றார். மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, உடைத்த ஐசுக்கு நடுவில் மருந்தை வைத்து, மடியிலிருந்து இறக்காமல் ரயிலில் கொண்டுவந்தார். அப்படி எத்தனையோ தடவை போய் வந்தார்.

அந்த மருந்து ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. மஞ்சள் தூளை ஊசித் தண்ணீரில் கரைத்து, குளுக்கோஸ் பாட்டிலில்தான் கலக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கலந்தால் திரிந்துவிடும். வெளிச்சமும் ஆகாது என்றார்கள். எக்ஸ்ரே ஃபிலிம் சுற்றி வரும் கறுப்புத் தாளைக் கேட்டு வாங்கி, பாட்டிலுக்கும் குழாய்க்கும் சட்டை தைத்தது போல் சுற்றினேன். சொட்டுச் சொட்டாக ஏற்றினால் முடிய அரை நாள் ஆகும். பாதியில் குளிர் தூக்கிப்போடும். கட்டிலோடு சேர்ந்து நடுங்குவான். கம்பளி மேல் கம்பளி போட்டு, நானும் கன்னியம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொள்வோம். பல் கிடுகிடுக்க, "கத்திரில... குளுருதுன்னு... சொன்னா... எவன் நம்புவான்?" என்பான். ஊசி குத்தும் நரம்பு ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும். சிறுநீரகமும் கெடும் என்பதால் சிறுநீரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு மருந்தை ஒரு மனுஷனுக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் கொடுத்தேன்.

இதற்கு நடுவில் டாக்டர் ஒரு காரியம் செய்தார். பூசணம் வளர்க்கும் தட்டுகளை மூடி திறந்து தேசிங்கு அறையில் ஒன்று, வராண்டாவில் ஒன்று, மரத்தடியில் ஒன்று வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மூடி லேப்பில் வைத்தோம். சில நாளில் வராண்டாத் தட்டிலும் மரத்தடித் தட்டிலும் அங்கங்கே ஏதேதோ புள்ளிகள் வந்தன. தேசிங்கு அறைத் தட்டில் இடமே இல்லை. முழுக்க அதே சாம்பல் பச்சை.

டாக்டர் நேராக அந்த அறைக்குப் போனார். தட்டியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரல் நுனியில் மாவு ஒட்டியது. வெளியே வந்து கையைக் கழுவிவிட்டு, பையனை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார்.

"அண்ணன் எங்க?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் மேடம். சொல்லாதீங்க. சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப்போகுது? குப்பத்து ஆளுங்க திரண்டு வந்தா ஆஸ்பத்திரில ஒரு கண்ணாடி மிஞ்சாது."

"உடைச்சா உடைக்கட்டும். அவன் உடம்புல என்ன நடக்குதுங்கறது அவங்க விஷயம் பிரேமா. அதை நான் எப்படி வெச்சுக்கறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இவருக்கு மனசாட்சி சுத்தமாக இருக்க வேண்டும், அதற்கு அந்த மனுஷன் துடிக்க வேண்டுமா என்று நினைத்தேன். இன்றுகூட அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

வராண்டா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஏகாம்பரம் அப்போதுதான் ஐஸ் பெட்டியோடு வந்திருந்தார்.

"உங்க தம்பிக்கு நெஞ்சுல பூசணம் பிடிச்சிருக்குன்னு சொன்னேன் இல்லையா? அதே பூசணம் அந்த வெட்டிவேர்த் தட்டியில இருக்கு. அங்கருந்துதான் வந்ததுன்னு நிச்சயமா சொல்ல முடியாது. வந்திருக்கலாம். அதைக் கட்டச் சொன்னது நான்."

ஏகாம்பரம் ஐஸ் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பூசணம் புடிச்சத தெரிஞ்சி கட்டுனியா?"

"தெரியாது. தெரிஞ்சிருக்கணும்."

அவர் திரும்பித் தம்பி இருந்த அறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "வேற எங்கெங்க கட்டிக்கீற?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல. பிரசவ வார்டுல. எல்லாத்தையும் கழட்டச் சொல்லியிருக்கேன்."

"பெத்த பொம்பளைங்க படுத்துனு கீற எடத்துலயா?"

எழுந்து போனார். இடுப்பில் வலைக்கயிறு அறுக்கும் கத்தி எப்போதும் இருக்கும். பிரசவ வார்டு ஜன்னலில் வெளிப்பக்கமாக ஏறி, தட்டியை அறுத்துக் கீழே தள்ளினார். அடுத்து ஆபீஸ். கடைசியில் தம்பி இருந்த அறை. யாரும் தடுக்கவில்லை, டாக்டர் தடுக்கவிடவில்லை. எல்லாவற்றையும் பின்பக்க மதிலுக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போய்த் தீ வைத்தார். ஜன்னல்களை மூடச் சொல்லி டாக்டர் ஓடினார். மூடுவதற்குள் ஆஸ்பத்திரி முழுக்க வெட்டிவேர்ப் புகை மணத்தது.

புது அறையில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த தேசிங்கு, "இன்னா சிஸ்டரு, சாம்பிராணி போட்டாங்களா? நல்லா கீது," என்றான். நான் கறுப்புத் தாளைச் சரிசெய்வது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏகாம்பரம் குப்பத்து ஆட்கள் யாரிடமும் சொல்லவில்லை. மருந்து வாங்கிவருவதையும் நிறுத்தவில்லை. டாக்டரிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. அதைவிடப் பெரிய அதிசயம், வெள்ளை அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தன. மஜ்ஜை விழித்துக்கொண்டது. லேப்காரர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் ஓடியே வந்தார். தேசிங்கு மறுபடி இட்லியைத் திட்ட ஆரம்பித்தான். நான் சந்தோஷத்தில் மிதந்தேன். டாக்டர் மட்டும் தினமும் அவன் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நல்லது நடந்தால் ஒப்புக்கொள்ளவே மாட்டாரா இவர் என்று முணுமுணுத்தேன்.

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்தது. வெள்ளை அணுக்கள் திரும்பி வந்தால் பூசணத்தைத் தாக்கும். பூசணம் உட்கார்ந்திருப்பது ரத்தக் குழாயின் சுவரில். சண்டையில் அந்தச் சுவரே இடிந்துபோகலாம்.

ஒரு காலை நேரம். நாஷ்டா கொடுத்துக்கொண்டிருந்தேன். தேசிங்கு ஒரு தடவை இருமினான். "சிஸ்டரு..." என்றான், அவ்வளவுதான். வாயிலிருந்து ரத்தம் குபுகுபுவென்று வந்தது. வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தேன், வாயைத் துடைத்து உறிஞ்சினேன், டாக்டர் ஓடி வந்தார். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தோம். நாங்கள் கையை எடுத்தபோது இட்லித் தட்டு இன்னும் கட்டிலின் ஓரத்தில்தான் இருந்தது.

டாக்டர் கை கழுவிவிட்டு வராண்டாவுக்குப் போனார். ஏகாம்பரம் பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "தேசிங்கு இறந்துட்டான்," என்றார். சுற்றி வளைக்கவில்லை.

ஏகாம்பரம் எழுந்து நின்றார்.

"அந்தச் செருப்புப் பட்டறைக்காரன் ஒருத்தன்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. நீ ஒருத்திதான் என் பக்கத்துல குந்திக்கினு உள்ளத உள்ளபடி சொன்ன. அது கரெக்ட்டு. ஆனா, இனிமே உன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்மா."

டாக்டர், "சரி," என்றார்.

தம்பியைக் கொண்டுபோய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு வெட்டிவேர்த் தட்டி கட்டவில்லை. வெயிலில் வெந்தோம்.

சில மாதம் கழித்து, குப்பத்திலிருந்து ஒரு அம்மா கால் வீங்கி வந்து நின்றாள். யார் அனுப்பியது என்று கேட்டேன். கேட்டுக்கு வெளியே கை காட்டினாள். எதிரே டீக்கடை பெஞ்சில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு, பிரசவம், வலைக்கம்பி குத்திய புண். பொன்னேரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது, மெட்ராசும் ஒன்றும் தூரமில்லை. அத்தனையையும் தாண்டி எங்களிடம் கூட்டிக்கொண்டு வருவார். கேட் வரை வந்து, "அந்த டாக்டரம்மாகிட்டயே காட்டு," என்று உள்ளே அனுப்பிவிட்டு, டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. அவர் மனைவிக்கு டைஃபாய்டு வந்தபோதுகூட உள்ளே வரவில்லை. நான்தான் நடுநடுவே வெளியே போய் எப்படி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வருவேன்.

"அம்மாவே பாத்துச்சா?" என்பார். "ஆமாம்," என்பேன். "அப்ப செரி," என்று டீயைக் குடிப்பார்.

டாக்டருக்கு இது தெரியும். குப்பத்து ஆட்கள் வந்திருக்கும் நாளில் வாசல் பக்கம் வரமாட்டார். வீட்டுக்குப் போவதற்குக்கூடப் பின்பக்க வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். இரண்டு பேரும் அப்படியே வருடங்களை ஓட்டினார்கள். இதென்ன வீம்பு என்று எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும்.

எழுபதுகள் முடியும்போது டாக்டர் மரகதம் ஓய்வு பெற்று, தன் அண்ணன் குடும்பத்தோடு இருக்கக் கோயம்புத்தூர் பக்கம் கிளம்பினார். மாலை போட்டோம், லட்டு கொடுத்தோம், டிரஸ்ட்காரர்கள் பேசினார்கள். பின்வழியில் கார் போகாது. அதனால் அன்றைக்கு முன் கேட் வழியாகத்தான் போக வேண்டும். வழியனுப்ப நானும் கேட் வரை போனேன்.

எதிரே டீக்கடையில் ஏகாம்பரம் இருந்தார். அன்றைக்கு யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை, தனியாக வந்திருந்தார். கார் கேட்டுக்கு வந்ததும் எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு சாலைக்கு முதுகைக் காட்டி, கடைச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். டாக்டர் காருக்குள்ளிருந்து அந்த முதுகைப் பார்த்தார். டிரைவர் மெதுவாக்கினான். "போப்பா," என்றார் டாக்டர்.

கார் திரும்பி, மெயின் ரோட்டில் மறைந்தது. நான் சாலையைக் கடந்து அவரிடம் போனேன். அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டாங்களா?"

"போயிட்டாங்க."

அதற்குப் பிறகுதான் திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர். வெறிச்சென்று கிடந்த ரோட்டை ஒரு தடவை பார்த்தார்.

"இனிமே எங்க ஆளுங்கள நான் யாராண்ட இட்டாறது சிஸ்டரு?" என்று கேட்டார்.